வேர் மருந்து

பெண்டாட்டியை இன்னொருத்தனோடு பஸ் ஏற்றி அனுப்பியது தானேதான் என்பதுதான் முனிரத்தினத்துக்கு ஆறவே இல்லை. வேறு யாராவது செய்த காரியமாக இருந்தால் அவன் மேல் பாய்ந்திருக்கலாம். பஞ்சாயத்து வைத்திருக்கலாம். இவனே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு. யாரிடம் போய்ச் சொல்வது?

பிள்ளையார்பாளையத்தில் அவன் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. விடிந்தும் விடியாமல் தெரு நெடுகத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருப்பார்கள். பால்காரர்கூட சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். முனிரத்தினம் நெய்வது கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் வரிக்கு வரி கோத்துக்கொண்டே போகவேண்டும். அதற்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவனுக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூல் வைத்த ஓடக்கட்டையான நாடாவைத் தள்ளித் தரவேண்டும். கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து அந்த இடம் ரேணுகாம்பாளுடையது. இவன் கால் மிதியை அழுத்தும்போதே அவள் கை நாடாவைத் தள்ளியிருக்கும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவேண்டியதில்லை. தெருவில் அவர்கள் தறியின் கரைதான் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று பேர்.

மகள் காந்தாவுக்கு அடுத்து உண்டான பிள்ளை தங்காமல் போனதிலிருந்துதான் ரேணுகாம்பாளுக்கு அந்த நோவு. நன்றாக உட்கார்ந்திருப்பாள், திடீரென்று கை நாடாவை விட்டுவிடும். முகம் வெளுத்துப்போகும். கழுத்து நரம்பு அடித்துக்கொள்வது எதிரில் இருப்பவர் கண்ணுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் எப்படி வந்ததோ அப்படியே போய்விடும். கச்சபேசுவரர் கோயிலில் விளக்குப் போட்டார்கள். பெரிய மசூதிப் பக்கத்து பாய் ஒருவர் ஓதிக் கயிறு கட்டினார். கயிறு கையிலேயே கிடந்து நைந்தது, நோவு போகவில்லை. கடைசியில் ஊர் டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இது இங்கே ஆகிற வேலையில்லை, மெட்ராசுக்குப் போங்கள் என்றார்.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. ஐப்பசி மழையில் பாவு ஈரம் கோத்துத் தறி ஓடாத ஒரு செவ்வாய்க்கிழமை, அவளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனான். நெஞ்சில், கையில், காலில் கம்பிகளைப் பொருத்திக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். நிதானமாகப் பேசினார். இதயத்துக்குள் மின்சாரம் ஓடுகிற பாதையில் இந்தம்மாவுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதில் புகுந்து சுற்ற ஆரம்பித்தால் படபடப்பு வந்துவிடுகிறது என்றார். அப்புறம் மருந்தைப் பற்றிச் சொன்னார். சர்ப்பகந்தா என்று ஒரு செடி. அதன் வேரில் இருக்கிற பல சரக்குகளில் ஒன்றைத் தனியே பிரித்து எடுத்த மருந்து. அஜ்மலின் என்று பேர். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து போகவேண்டும், சம்மதமா என்று கேட்டார். ஆராய்ச்சி என்றால் என்னவென்று கேட்க முனிரத்தினம் வாயைத் திறப்பதற்குள் ரேணுகாம்பாள், "வர்றேன் டாக்டர்" என்றுவிட்டாள்.

வெளியே பெஞ்சில் அதே மருந்துக்காகக் காத்திருந்தவர்தான் தரணேந்திர நயினார். திருப்பருத்திக்குன்றத்துக்காரர், ஜைனர், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். பேச்சுக் கொடுத்ததில் காஞ்சிபுரம் என்று தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ், ஒரே நாள், ஒரே நோவு. முனிரத்தினத்துக்கு அப்போது அது தெய்வச் செயலாகப் பட்டது. மாதத்தில் இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டு அவனால் வரமுடியாது. சேலை ஒப்புக்கொண்ட நாளில் முதலாளியிடம் போய்ச் சேராவிட்டால் அடுத்த பாவு கைக்கு வராது.

"நயினாரே, நீங்களே கூட இட்டுக்கினு போயி இட்டாந்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவன்தான் கேட்டான். கையைக் கூப்பிக்கொண்டுதான் கேட்டான்.

நயினார் பார்க்க ஒன்றுமே இல்லாத ஆள். குட்டை, கறுப்பு, முன்தலை வழுக்கை. வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. அழகனாக இருந்தாலாவது முனிரத்தினம் முதலிலேயே உஷாராகியிருப்பான்.

மருந்து வேலை செய்தது. வாரத்துக்கு நாலு தரம் வந்துகொண்டிருந்த படபடப்பு எப்போதாவது என்று ஆயிற்று. ரேணுகாம்பாள் முகத்தில் ரத்தம் ஏறியது. மெட்ராஸ் போய்வந்த மாலைகளில் அவள் பேச்சும் கூடியது. மருந்தை நரம்பில் ஏற்றும்போது டாக்டர் காகிதத்தில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாராம். நர்சம்மாக்கள் இவர்களை வேர் மருந்துக்காரங்க என்றுதான் கூப்பிடுவார்களாம். நயினார் மல்லாட்டை தவிர, பூமிக்குள் விளைகிற கிழங்கு, வெங்காயம் எதுவும் தொடமாட்டாராம். "செடிய வேரோட புடுங்கினா உசுரு போவுதுன்னு பாத்துப் பாத்து துன்ற சாதி நாங்க. கடசில ஒரு வேருதான் என் உசுரப் புடிச்சி வெச்சிருக்குது" என்றாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பன்னிரண்டு வயது காந்தாவும் சிரித்தாள். முனிரத்தினமும் சிரித்து வைத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் ரேணுகாம்பாள் இடத்தில் அடுத்த வீட்டு மணியம்மாள் உட்கார்ந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் இவன் மிதித்த பிறகுதான் அவள் கை நகரும். அன்று நெய்கிற கரை பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பதும், பக்கத்தில் மஞ்சள் பை இருப்பதும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன.

எதிர்வீட்டு அர்ஜுனன் ஒருநாள் நூல் நனைத்துக்கொண்டே, "இன்னா முனிரத்தினம், பட்டணம் போயிக்கினு வந்ததுல உன் ஊட்டுக்காரம்மா நல்லா தேறிட்டாங்க போலக்குதே" என்றான். அவன் வெள்ளையாகத்தான் சொன்னான். முனிரத்தினத்துக்கு அது அப்படிக் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்த 'தேறிட்டாங்க' காதில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. மெட்ராஸ் போய்வருகிற நாளில் அவள் விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறாள். ஜைனர்கள்தான் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள். கேட்டால், காலையில் தின்றது, பசி தாங்கவில்லை என்கிறாள். சாம்பாரில் உருளைக்கிழங்கு இல்லை. மார்க்கெட்டில் அழுகலாக இருந்தது, வாங்கவில்லை என்கிறாள். மறுநாள் அவனே ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தான். கிழங்கு அழுகலாகத்தான் இருந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. அழுகாத கிழங்கு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நயினார் கொடுத்தனுப்புகிற மல்லாட்டையை காந்தா வறுத்துத் தின்பாள். நல்ல முற்றின காய். அவன் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. பல் வலி என்றான்.

தை பிறந்து கல்யாண வேலை நெருக்கிய நேரத்தில், சரிகை வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் நின்றான். மெட்ராஸ் பஸ் வந்து நின்றது. நயினார் முதலில் இறங்கினார். பின்னாலேயே ரேணுகாம்பாள். இரண்டு பேரும் கையகலம் தள்ளியே நடந்தார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முனிரத்தினத்துக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அவள் நின்றாள். கை நெஞ்சுக்குப் போயிற்று. முகம் வெளுப்பது இங்கிருந்தே தெரிந்தது. நயினார் ஒன்றும் பதறவில்லை. பக்கத்து சிமெண்டு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு விரலை நரம்பில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருந்தார். அவர் உதடு அசைந்தது. அவள் உதடும் அசைந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள் போலிருந்தது. நடுவில் அவர் என்னவோ சொல்ல, அந்த வெளுத்த முகத்தோடேயே அவள் சிரித்தாள்.

கையைப் பிடித்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்புதான் அவனைச் சுட்டது. நோவு வந்த நேரத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. வீட்டில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்று கை ஆட்டுவாள். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது.

ஓடிப்போய்த் தாங்கியிருக்கவேண்டிய புருஷன், திருடன் மாதிரி சந்து வழியாக வீடு வந்து சேர்ந்தான்.

அவள் வந்ததும் கேட்டான். "வழியில நோவு வந்துச்சா?"

"கொஞ்சூண்டு. போயிடுச்சு."

"எப்டி இருந்துச்சு?"

"எப்டின்னா?"

"உள்ள எப்டி இருக்கும்னு கேக்கறேன்."

ரேணுகாம்பாள் தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டே யோசித்தாள். உண்மையாகவே சொல்லப் பார்த்தாள் என்றுதான் தோன்றியது. பிறகு விட்டுவிட்டாள். "உங்களுக்குச் சொன்னா புரியாதுங்க."

"நயினாருக்குச் சொன்னா புரியுமா?"

"அவருக்குச் சொல்லவே வேணாமே" என்றாள் அவள், அதில் ஒரு தப்பும் இருப்பதாக நினைக்காமல். "அவருக்கும் அதானே."

அந்த வார்த்தை உள்ளே போய் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பதினாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தவன் இவன். அவள் எப்போது தும்முவாள் என்றுகூட இவனுக்குத் தெரியும். அவளுக்குள்ளே ஓர் அறை இருக்கிறது. அதில் நயினார் கதவைத் தட்டாமலே போய் உட்காருகிறார். இவனுக்கு நெஞ்சு நன்றாக இருக்கிற ஒரே குற்றத்துக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உடம்பு நன்றாக இருப்பதற்காக ஒருவன் வருத்தப்படுவானா? முனிரத்தினம் வருத்தப்பட்டான். படுத்துக்கொண்டு தன் மார்பில் கை வைத்துப் பார்ப்பான். அது பாட்டுக்கு மாடு மாதிரி ஒரே நடையாகப் போய்க்கொண்டிருக்கும்.

வேரை அப்படியே தின்னக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வேரில் பல குணம் கலந்திருக்கிறது, ரத்த அழுத்தத்தை இறக்கும், ஆளைத் தூக்கிப் போட்டுவிடும், நாங்கள் கொடுப்பது அதில் ஒன்றை மட்டும் பிரித்து எடுத்தது, அதைக்கூடக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுகிறோம் என்று. இதை ரேணுகாம்பாளே வீட்டில் சொல்லியிருந்தாள். முனிரத்தினத்துக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துதான் போனான்.

ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா வேர் கேட்டான். தூக்கம் வராதவர்களுக்கும் ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் கொடுப்பது, பொடித்து ஒரு சிட்டிகைக்கு மேல் போகாதே என்று சொல்லிக் கடைக்காரர் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். பார்த்தால் காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அவள் பஸ்ஸுக்குப் போனதும், காந்தா பள்ளிக்கூடம் கிளம்பியதும், பொட்டலம் முழுவதையும் தட்டிப் போட்டுக் காய்ச்சினான். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். சாகவேண்டும் என்றெல்லாம் அவன் நினைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேர் உடம்புக்குள்ளும் போகிறது தன் உடம்புக்குள்ளும் போகட்டும், அது என்ன சொல்கிறதென்று பார்ப்போம் என்று நினைத்தான். அதற்கு மேல் அவனுக்கு நினைப்பு ஓடவில்லை.

பிறகு தறியில் உட்கார்ந்தான். மணியம்மாள் வந்தாள். முதலில் மூக்கு அடைத்தது. அப்புறம் கால் கனத்தது. மிதி எங்கேயோ கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி தூரமாகப் போயிற்று. நெஞ்சு துள்ளும் என்று காத்திருந்தான். துள்ளவில்லை. மெதுவாக, மெதுவாக, யாரோ வேண்டா வெறுப்பாகக் கதவு தட்டுகிற மாதிரி அடித்தது. எழுந்து நிற்கலாம் என்று பார்த்தவன் தறிக்குழிக்குள்ளேயே சரிந்துவிட்டான். மணியம்மாள் போட்ட சத்தத்தில் அர்ஜுனன் ஓடிவந்து தூக்கினான். ரிக்‌ஷாவில் போட்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கழுவினார்கள். கையில் பாட்டில் தண்ணீர் ஏற்றினார்கள்.

அவன் சரியாகக் கண் விழித்தபோது சாயங்காலமாகிவிட்டிருந்தது. கண் முன்னால் முதலில் தெரிந்தது வழுக்கைத் தலை. நயினார் கட்டில் ஓரமாக உட்கார்ந்து இவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருந்தார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பார்த்த அதே பிடி.

"சீராத்தான் போவுது முதலியாரே. கொஞ்சம் மெதுவாப் போவுது, அவ்ளோதான்" என்றார்.

கையை இழுத்துக்கொள்ள முனிரத்தினத்துக்குத் தெம்பில்லை. அந்த விரல்கள் சூடாக, காய்ப்புக் காய்த்து, கனமில்லாமல் இருந்தன. இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. இந்த மனிதனுக்கு இனி நாளைக் காலையில்தான் சாப்பாடு என்பது முனிரத்தினத்துக்கு உறைத்தது. அதற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது.

அவர் போன பிறகு ரேணுகாம்பாள் கேட்டாள். "இன்னாத்த குடிச்சீங்க?"

சொன்னான்.

அவள் மறுபடி பேசியபோது மரியாதை விட்டுப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்றது அன்றைக்குத்தான்.

"உனக்கு இன்னாதான் வேணும்?"

"நீயும் அவரும் பேசிக்கிறீங்களே. அது இன்னான்னு தெரியணும்."

"தெரிஞ்சிச்சா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"தறி உன்னுது. சேல மொதலாளிது. ஊடு உங்கப்பா கட்னது. பொறந்ததும் உன் ஜாடையிலதான் பொறந்துச்சு" என்றாள் ரேணுகாம்பாள். குரலைத் தூக்காமல்தான் சொன்னாள். "இந்த நோவு ஒண்ணுதான் எனக்குன்னு வந்தது. அதுலயும் உனக்குப் பங்கு வேணுமா?"

அந்த வேர் அவனைச் சுலபத்தில் விடவில்லை. வீட்டுக்கு வந்தும் பல நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. வேரின் குணம் அப்படித்தான், தானே இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேரின் குணம் எது, தன் குணம் எது என்று முனிரத்தினத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ரேணுகாம்பாள் கஞ்சி கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. மறுபடியும் 'நீங்க' என்றுதான் பேசினாள். அந்த 'நீங்க' முன்பைவிடத் தூரத்திலிருந்து வந்தது.

நயினார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து பார்த்தார். மஞ்சள் பையில் ஒரு படி மல்லாட்டை. வேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயிரில் பூச்சி விழுந்ததைப் பற்றிப் பேசினார். கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டதைப் பற்றிப் பேசினார். சித்திரையில் காய் பறித்தால் ஒரு மூட்டை கொண்டுவந்து போடுவதாகச் சொன்னார். கோர்வை எப்படி விழுகிறது என்று தறிப் பக்கம் குனிந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நல்ல மனுஷன். வெறுக்க ஒரு மூலையாவது கிடைக்குமா என்று முனிரத்தினம் தேடித் தேடிப் பார்த்தான். அது கிடைக்காததில் அவனுக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைப் பயணத்தை அவன் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்ல வாயும் இல்லை. அவள் போனாள், வந்தாள். என்ன பேசினீர்கள் என்று அவன் கேட்பதை விட்டான். அவளும் சொல்வதை விட்டாள்.

சித்திரை வெயிலில் ஊர் காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் அர்ஜுனன் தெருவிலிருந்தே ஜன்னல் வழியாக இவனை வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டினான். வேகவதிக் கரையில் சாயம் அலசப் போன இடத்தில் கேள்விப்பட்டானாம். திருப்பருத்திக்குன்றத்து நயினார் நேற்று மல்லாட்டை பறிக்கிற இடத்தில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தவர், வரப்பில் உட்கார்ந்தாராம். அப்படியே சாய்ந்துவிட்டாராம். பொழுதோடு எடுத்துவிட்டார்களாம்.

முனிரத்தினத்துக்கு முதலில் வந்தது துக்கமில்லை. தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி செவ்வாய்க்கிழமை நான்தான் கூடப் போவேன் என்று மனசு தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன மறு நிமிஷமே தன்னை நினைத்து அவனுக்குக் குமட்டியது. அர்ஜுனன் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான், அது காதில் விழவில்லை.

உள்ளே வந்தான். ரேணுகாம்பாள் தன் இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேராகவே சொன்னான். அவள் அழவில்லை. கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். அதைப் பாவின் மேல் பத்திரமாக வைத்தாள்.

"போவணும்" என்றாள்.

"போயிட்டு வா. காந்தாவ நான் பாத்துக்கறேன்."

"நீங்களும் வாங்க."

வெயில் தாழ்ந்து நடந்தே போனார்கள். வேகவதியில் தண்ணீர் இல்லை. சாயம் அலசின குட்டைகள் மட்டும் அரக்கும் பச்சையுமாகத் தேங்கியிருந்தன. நயினார் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். பக்கத்திலேயே களத்தில், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி காய் ஆயாமல் மேடாகக் கிடந்து வாடியிருந்தது. ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். முனிரத்தினம் கை நீட்டித் துக்கம் கேட்டுவிட்டு ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். ரேணுகாம்பாள் உள்ளே போனாள்.

பெண்களின் அழுகை ஒரு தரம் எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகு நயினாரின் மனைவி மருதேவியம்மாள் பேசுவது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. அழுது தீர்ந்த குரல்.

"நீதான பட்டுக்காரம்மா? வேர் மருந்துக்குக் கூட வருவியே?"

"ஆமாம்மா."

"நான் உன்ன ஒருநாள் வந்து பாக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். சண்ட போடறதுக்கில்ல. இல்ல, சண்ட போடறதுக்குத்தான்னு வெச்சிக்கோயேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பட்டணம் போயி வந்தா அவரு மொகம் தெளிவா இருக்கும். எங்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டாரு. கேட்டா சிரிப்பாரு. அவரு நெஞ்சுக்குள்ள எப்டி இருந்திச்சின்னு உனக்குத் தெரியுமாமே. எனக்குச் சொல்லு."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"சொல்லு."

"சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னுதான் அவரு சொல்லல. நானும் எங்க ஊட்ல அதான் செய்றேன்."

"பயந்துட்டுப் போறேன்" என்றாள் மருதேவியம்மாள். "இருபது வருசம் அந்தாளு கூடக் குடித்தனம் பண்ணேன். அவருக்காவ பயப்படறதுக்குக்கூட எனக்குக் குடுத்து வெக்கல பாரு."

பந்தலில் யாரோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்தான். ஒட்டுக் கேட்பது யாருக்காவது தெரிந்தால் தெரியட்டும் என்றிருந்தது.

ரேணுகாம்பாள் சொல்லத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள். முதலில் ஒரு அடி தவறுமாம், மாடிப்படி இருக்கிறதென்று காலை வைத்தால் இல்லாத மாதிரி. அப்புறம் தொண்டைக்குக் கீழே ஏதோ ஓடுமாம். பிடித்து நிறுத்த முடியாதாம். அந்த நேரத்தில் யாராவது தொட்டால் பிடிக்காதாம். ஆனால் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் அதைவிடப் பயமாக இருக்குமாம். பிள்ளை முகம் ஞாபகம் வருமாம். அடுப்பில் வைத்தது ஞாபகம் வருமாம். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் அனல் பரவுமாம். பிறகு ஒரே ஒரு நொடி எல்லாம் நின்றுபோய், திரும்ப ஒரு அடி விழும். அந்த ஒரு நொடியில் நயினார் எப்போதும் கண்ணைத் திறந்தே வைத்திருப்பாராம். மூடினால் திரும்பி வராமல் போய்விடுவேனோ என்று இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். "நானும் அதுல இருந்து கண்ண மூடறதில்லம்மா" என்றாள். அதற்குப் பிறகு உள்ளே விசும்பல் மட்டும் கேட்டது. இரண்டு பேரில் யார் அழுதது என்று முனிரத்தினத்துக்குத் தெரியவில்லை.

தன் பெண்டாட்டிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்பதை அவன் இப்படித்தான் தெரிந்துகொண்டான். யாரோ ஒருத்தியிடம் அவள் சொல்ல, யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து. என்னிடம் சொல்லவில்லையே என்பது அப்போதும் அவனை அறுத்தது. ஆனால் இந்தத் தரம் அந்த அறுப்போடு வேறொன்றும் வந்தது. அது பயம்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் முன்னால், இவன் பின்னால் என்று நடந்தார்கள். ஆற்றில் பாதி தூரம் வந்ததும் ரேணுகாம்பாள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள அங்கே சுவரும் இல்லை.

"வருது" என்றாள்.

முனிரத்தினத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினான். அது நயினாருடைய பிடி என்று தோன்றிக் கையை இழுத்துக்கொண்டான். அவள் மணலில் உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு அடித்துக்கொண்டது.

"தொடாத. பேசாத" என்றாள் ரேணுகாம்பாள். மூச்சு வாங்கியது. "எங்கியும் போயிடாத."

அவன் அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தான். அவள் கண்ணை மூடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் மூடவில்லை.